நிழலைக் கடைசியில் போடுகிறவன்

தண்ணீர் வழக்கு என்றால் எங்கள் ஊரில் யாரும் உட்காரக் கூடாது. கண்மாய்க் கரையில், மடைக்குப் பக்கத்தில், நின்றுகொண்டே பேசி, நின்றுகொண்டே தீர்ப்புக் கேட்டு, நடையைக் கட்டிவிட வேண்டும். உட்கார இடம் கொடுத்தால் அவரவர் பாட்டன் காலத்துச் சண்டைவரைக்கும் பேசுவார்கள், அதற்குள் பயிர் கருகிவிடும் என்று எப்போதோ ஒரு புத்திசாலி செய்த ஏற்பாடு.

அன்றைக்குத் தை மாத வெயிலில் இருபது பேர் அப்படி நின்றார்கள். பத்தொன்பது பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் மட்டும் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவன் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். வழக்கே அவன் மேல்தான். அவன் அடியேன்.

வழக்குச் சொன்னவர் கருப்பையா மச்சான். என் அத்தை மகன். என் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. ஒரு வாரத்துக்கு முன்னால் அவருக்குச் சேரவேண்டிய தண்ணீரில் பாதியை என் வயல் குடித்துவிட்டது என்பது குற்றச்சாட்டு. அது உண்மை என்று ஆனால் என்னுடைய அடுத்த முறைத் தண்ணீர் அவருக்குப் போய்விடும். நெல் பால் பிடிக்கிற நேரம். கண்மாயில் இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் தண்ணீர் கிடந்தது. அது தப்பினால் கதிர் பதர்.

சாட்சி உண்டா என்று கேட்டார் நீர்ப்பாய்ச்சி இருளப்பண்ணன். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. தண்ணீர் விஷயத்தில் எத்தனை பெரிய நிலக்காரரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்தான்.

"இருக்குண்ணே," என்றேன். கக்கத்தில் இருந்த நோட்டைத் தட்டிக் காட்டினேன். "சாட்சியைக் கையோட கூட்டியாந்திருக்கேன்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். என் அய்யா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நோட்டில், அதே நாளில், அதே மடைக்கரையில் உட்கார்ந்து, தண்ணீரை மாற்றிவிட்ட அதே வேளையில் நான் வரைந்த படம் இருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? விரலில் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தேன்.

அந்த அடியேன் புரட்டிக்கொண்டிருக்கட்டும். அதற்குள் ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாசகியின் கேள்வி

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் என் படங்களைப் பற்றிப் பீற்றிக்கொண்டதைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருக்கும் வரைய ஆசையாம். அடுப்பு, பிள்ளைகள், மாமியார் மூன்றுக்கும் போக நேரமே மிஞ்சுவதில்லையாம். ஏரும் மாடும் வைத்துக்கொண்டிருந்த உங்களுக்கு மட்டும் எப்படி மிஞ்சியது என்று கேட்கிறார்.

அம்மா, மிஞ்சவில்லை. திருடினேன்.

கடலாடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி, கொஞ்சம் கண்மாய்ப் பாசனம். வீட்டில் அய்யா, அம்மா, நான், என் மனைவி பாக்கியம், நான்கு மாடுகள், ஒரு வெள்ளாட்டுக் கிடாய். இத்தனை பேரில் சும்மா இருக்க அனுமதி பெற்றிருந்த ஒரே ஜீவன் கிடாய்தான். அதைப் பார்த்து நான் பலநாள் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

கையில் ஒரு செம்போடு உடைமரக் காட்டுப் பக்கம் ஒதுங்குகிறவனை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள், எப்போது வருவாய் என்றும் கேட்க மாட்டார்கள். இதை நான் சின்ன வயதிலேயே கவனித்து வைத்திருந்தேன். இடுப்பில் நோட்டைச் செருகிக்கொண்டு காலையில் செம்போடு போவேன். வெயில் ஏறிய பிறகு திரும்புவேன். செம்புத் தண்ணீர் தூரிகை கழுவியே தீர்ந்திருக்கும்.

ஆறு மாதத்தில், எனக்குத் தீராத வயிற்றுப்போக்கு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மருந்து வந்தது. மாதுளை ஓட்டுக் கஷாயம், ஊறவைத்த வெந்தயம், மோரில் கரைத்த என்னவோ ஒன்று. வேண்டாம் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். அத்தனையையும் குடித்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே வயிறு கெட்டது, அதுவும் எதிர்த் திசையில்.

கல்யாண வீடுகளில் மேளக்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். ஒரு கல்யாண வீட்டில் யாரும் வேலை ஏவாத இடம் அது ஒன்றுதான். காது போகும். ஆனால் பந்தல் முழுக்கக் கண் முன்னால் இருக்கும்.

நாளுக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு வரி. அவ்வளவுதான் என் நோட்டு. 'இன்று செவலை மாட்டுக்கு என் மேல் கோபம். காரணம் சொல்லவில்லை.' 'மழை வரும் என்றார்கள். மேகத்தை மட்டும் வரைந்தேன்.' 'பாக்கியம் சிரித்தாள். பென்சிலை எடுப்பதற்குள் நிறுத்திவிட்டாள்.'

பெரிய ஓவியனாக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நான் வரைந்த மாட்டை மாடு என்று சொன்னவர்கள் பாதிப்பேர், பெருச்சாளி என்றவர்கள் பாதிப்பேர். ஆனால் வரையாத நாள் குளிக்காத நாள் மாதிரி உடம்பில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ரிப்பேருக்குப் போன கடிகாரம்

முதலில் பென்சில் மட்டும்தான். பிறகு அடுப்படியிலிருந்து மஞ்சள், வெளுக்கப் போடும் நீலம், வரப்பிலிருந்து செம்மண் என்று முன்னேறினேன். பூசிய மஞ்சளை ஒரே வாரத்தில் வெயில் குடித்துவிட்டது.

ஒருமுறை ஏதோ வேலையாகக் கீழக்கரைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு மரைக்காயர் கடையில் கொழும்புச் சாமான்கள் வந்து இறங்கும். குடை, அத்தர், பிஸ்கட் டின்கள். அவற்றுக்கு நடுவில் கை அகலத்துக்கு ஒரு தகர டப்பா. என்ன என்று கேட்டேன். மரைக்காயர் திறந்தார். பன்னிரண்டு வண்ணங்கள் வரிசையாக உட்கார்ந்து என்னை ஏறிட்டுப் பார்த்தன. கூடவே ஒரு தூரிகை.

என் மணிக்கட்டில் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரம் இருந்தது. அதில் மணி பார்க்க எனக்குத் தெரியும். பார்க்கவேண்டிய அவசியம்தான் வந்ததில்லை. எங்கள் ஊரில் சூரியன் எல்லோருக்கும் பொதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

கழற்றி வைத்தேன். மரைக்காயர் கடிகாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நல்ல மனிதர். தனக்கு லாபமான பேரத்தைத் தானே கெடுக்கப் பார்த்தார்.

"தம்பி, அல்லா மேல ஆணையாச் சொல்றேன், இது சரியான மாத்து இல்ல. வீட்டுல தேடுவாக."

"ரிப்பேருக்குக் குடுத்திருக்குன்னு சொல்லிக்கிறேன்."

"எத்தனை நாளைக்குச் சொல்லுவீக?"

மனசு மாறினால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், இன்ஷா அல்லா இங்கேதான் இருக்கும் என்று சொல்லித்தான் டப்பாவைக் கையில் கொடுத்தார். பஸ்ஸில் வழிநெடுக அதை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூங்கவைப்பவன் மாதிரி ஆடாமல் வந்தேன்.

வீட்டில் நுழைந்ததும் பாக்கியம் என் கையைத்தான் பார்த்தாள். கடிகாரம் எங்கே என்றாள். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்'மின் நீளத்தை நான் அப்போது சரியாக அளக்கவில்லை.

டப்பாவோடு வந்த தூரிகை ஒரு வருடத்தில் வழுக்கையாகிவிட்டது. அப்புறம் கிடாயின் தாடியில் ஒரு கொத்து வெட்டி மயிலிறகுக் காம்பில் கட்டிக்கொண்டேன். கொஞ்ச காலம் எங்கள் வீட்டுக் கிடாய் பாதி தாடியோடு திரிந்தது. அதற்கு என்ன சீக்கு என்று கேட்டு அதற்கும் மருந்து வந்தது.

இரண்டு காற்று

இதையும் சொல்லாவிட்டால் மடைக்கரையில் நடந்தது புரியாது.

ஓர் ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கக் குடும்பத்தோடு ராமேசுவரம் போனோம். கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் வரிசையின் வாலில் நின்றேன். வால் தானாகக் கழன்றுகொண்டது.

கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். ஒரு வள்ளம் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ஸ்டேஷன் பக்கம் ரயில் புகை. இரண்டையும் போட்டேன். புகை இடது பக்கம் சாய்ந்தால் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. சாய்த்தேன். என்னைப் பார்த்து நானே தலையாட்டிக்கொண்டேன்.

பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டு வரப்போகிறது என்று நான் வாயைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இந்த வள்ளத்துல நீங்க ஏறுங்க. நான் வரல."

ஏன் என்று கேட்டேன்.

"பொகை இங்கிட்டுச் சாயுது. பாயி அங்கிட்டு உப்புது. ரெண்டு காத்து அடிக்கிற கடல்ல எவன் தொழில் பாப்பான்?"

கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே அந்த வள்ளத்தில் ஏறலாமா என்று யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். நிமிர்ந்து பார்த்தேன். கடலில் பாயும் புகையும் ஒரே பக்கம்தான் போய்க்கொண்டிருந்தன. அவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தும் நான் பார்க்கவில்லை.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். கண்ணில் படாததைத் தாளில் போடுவதில்லை. அசையாததை முதலில் போடவேண்டும். அசைவது எதுவோ, புகையோ துணியோ நிழலோ, அதைக் கடைசியில் போடவேண்டும். போடுகிற அந்த நிமிஷத்தில் அது எங்கே கிடக்கிறதோ அங்கே.

சட்டத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினால் பின்னால் அய்யா. பக்கத்தில் எங்கள் உறவு முழுக்கச் சொட்டச் சொட்ட நின்றது. அய்யா குனிந்து என் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏலே, இருவத்திரெண்டு தீர்த்தமும் ஆடிட்டு ஒருத்தன் மொறுமொறுன்னு நிக்கிறானே, இது எந்தச் சாமி பண்ணுன அற்புதம்?"

நாழிக்கல்

எங்கள் கண்மாய்க் கரையில் மடைக்குப் பக்கத்தில் ஆள் உயரக் கல் ஒன்று நட்டிருக்கும். நாழிக்கல் என்போம். கண்மாய் நிறைந்திருக்கும்வரை அது ஆடுகள் முதுகு உரசத்தான் பயன்படும். தண்ணீர் குறைந்து, முறை வைத்துப் பாய்ச்சும் காலம் வந்தால் இருளப்பண்ணன் அதன் வடக்கே வரிசையாக முளைகளை அடித்துவிடுவார்.

காலையில் மேற்கே கிடக்கும் கல்லின் நிழல் மெல்ல நகர்ந்து கிழக்கே போகும். நிழல் ஒரு முளையைத் தொட்டால் ஒருவன் தன் வாய்க்காலை அடைத்து அடுத்தவன் வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும். ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். பொழுது சாய்ந்தால் மடையை அடைத்துவிடுவார்கள். இரண்டாவது முளையிலிருந்து மூன்றாவது முளைவரை என் தண்ணீர். மூன்றிலிருந்து நான்குவரை கருப்பையா மச்சான் தண்ணீர்.

எப்போதும் இருளப்பண்ணன் கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்பார். அன்றைக்குப் பார்த்துக் கீழே பெரிய வாய்க்காலில் நண்டு வளையால் உடைப்பு. மூன்றாவது முளையைத் தொட்டதும் மாற்றிவிட்டுவிடுங்கள் தம்பி என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு ஓடினார். கருப்பையா மச்சான் கடலாடிக்கு ஏதோ மனுக் கொடுக்கப் போயிருந்தார்.

ஆக, நான் இருந்தேன், கல் இருந்தது, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேலை சொல்ல ஒருவரும் இல்லை. நிழலைப் பார்த்தேன். மூன்றாவது முளைக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. அதற்குள் கல்லைப் போட்டுவிடலாம் என்று இடுப்பிலிருந்து நோட்டை எடுத்தேன். வண்ண டப்பா எப்போதும்போல மடியில் இருந்தது.

கல்லைப் போட்டேன். முளைகளைப் போட்டேன். அத்தோடு நிறுத்தியிருப்பேன். ஒரு கொக்கு வந்து நாழிக்கல்லின் உச்சியில் உட்கார்ந்தது. ஒரு காலை மடக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, இனி நீ ஆரம்பிக்கலாம் என்பதுபோல என்னைப் பார்த்தது.

அப்படி ஒரு கொக்கை நான் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. கழுத்து மடிப்பு, அலகில் இருந்த சேறு, காற்றில் சிலிர்த்த இரண்டு மூன்று இறகு. எல்லாம் முடிந்த பிறகு, சட்டப்படி, கடைசியில் நிழல். நிமிர்ந்து பார்த்தேன். எங்கே கிடந்ததோ அங்கே கருநீலத்தில் போட்டேன். கீழே ஒரு வரி எழுதினேன்: 'மூன்றாவது முளையில் தண்ணீர் மாற்றிய வேளை. கொக்கு சாட்சி.'

நோட்டை மூடினேன். என் வாய்க்காலை அடைத்தேன். மச்சான் வாய்க்காலைத் திறந்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. வேலையில் இறங்கும்போது நிழல் முளைக்கு ஒரு சாண் முன்னால் கிடந்தது அல்லவா, என் தலைக்குள் அது அங்கேயேதான் கிடந்தது. அதற்கப்புறம் பார்த்தது முழுக்கக் கண்ணும் கையும். அந்த இரண்டும் என்னிடம் எதையும் சொல்லவில்லை.

சாயந்தரம் மச்சான் வந்து, தன் வயல் பாதிதான் நனைந்திருக்கிறது என்றார். உங்கள் வயல் மேடு மச்சான் என்றேன். மேடு என்ன இன்றைக்குத்தான் முளைத்ததா என்றார். வழக்கு ஆரம்பித்தது.

சாட்சி பேசியது

வெயிலில் நின்றிருந்த அத்தனை பேரையும் இவ்வளவு நேரம் காக்கவைத்துவிட்டேன். பக்கம் வந்துவிட்டது.

நோட்டை விரித்து உயர்த்திப் பிடித்தேன். எல்லோரும் நெருங்கினார்கள். கொக்கு உசுரோட நிக்கிதப்பா என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இருளப்பண்ணன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். நிஜக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று, படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முளைகளை விரலால் எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணோட ஒங்க தண்ணி முடிஞ்சுச்சு. சரிதானா தம்பி?"

"சரிதாண்ணே."

"நெழலு எங்கன கெடக்கு?"

குனிந்து பார்த்தேன். மூன்றாவது முளையைத் தாண்டி, நான்காவதுக்குப் பாதி வழியில் கிடந்தது. அடர்ந்த கருநீலம். ஓரம் கத்தி வெட்டினாற்போல. அந்த நோட்டிலேயே நான் திருத்தமாகப் போட்ட நிழல் அதுதான்.

கருப்பையா மச்சான்தான் முதலில் சிரித்தார். "மாப்ள, ஒன் சாட்சி என் பக்கமில்ல பேசுது."

அப்போதுதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. என் அய்யா முன்னால் வந்தார். என் படங்களில் ஒன்றைக்கூட அவர் முழுசாகப் பார்த்தது கிடையாது. இப்போது எனக்காகப் பேசினார்.

இவன் படத்தை வைத்தா தீர்ப்புச் சொல்வது என்று கேட்டார். இவன் வரைந்த மாட்டைப் பார்த்து எங்கள் மாடே மிரண்டது, இவனாவது நிழலைச் சரியாகப் போடுவதாவது, கை தவறியிருக்கும் என்றார். எழுத்தில் மூன்றாவது முளையில் மாற்றியதாகத் தெளிவாக எழுதியிருக்கிறதே, எழுத்தைப் பாருங்கள் என்றார். என்னை இவ்வளவு கேவலமாகவும் இவ்வளவு பிரியமாகவும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

கூட்டத்தில் பாதித் தலைகள் ஆடின. நான் தப்பித்துக்கொள்ள இருளப்பண்ணனே ஒரு மடையைத் திறந்துவிட்டார்.

"கைவாக்குல நெழலு தள்ளிப் போயிருக்கலாம். வரைஞ்சவுக சொல்லட்டும். படம் தப்புன்னு நீங்க சொன்னா எழுத்து நிக்கும். ஒங்க தண்ணி ஒங்களுக்கு."

ஒரு வார்த்தைதான். 'தப்பு' என்று சொன்னால் தண்ணீர் எனக்கு.

கரைக்குக் கீழே பாக்கியம் கஞ்சிக் கலயத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் எங்கள் வயல். கதிரை நசுக்கினால் பால் வரும் பருவம். அந்த வார்த்தை என் தொண்டைவரை வந்தது. நாக்குவரைகூட வந்தது.

ஆனால் அந்த நிழல் தப்பு என்றால் கொக்கும் தப்பு. நோட்டும் தப்பு. உடைமரக் காட்டுக்குள் செம்போடு போன அத்தனை காலையும் தப்பு. கடைசியில் ஊர் சொன்ன வயிற்றுப்போக்கு ஒன்றுதான் உண்மை என்று ஆகிவிடும். ராமேசுவரத்தில் யாரோ ஒருவர் வலையைப் பொத்தியபடி என் பக்கம் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது.

"படம் சரிதாண்ணே," என்றேன். "எழுத்துதான் தப்பு."

இதை யாரும் நேர்மைக் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். சுத்தமான தலைக்கனம். வயலைவிட என் நிழல் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். தண்ணி போனாலும் போகுதாம், படம் தப்புன்னு சொல்ல மாட்டானாம் என்று கல்லிடம் முறையிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மாமனார் போட்ட கடியாரத்தைக் கட்டியிருந்தால் இந்தக் கேவலம் வருமா, அது எங்கே என்றார். பத்தொன்பது பேரும் என் மணிக்கட்டைப் பார்த்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் கரைக்குக் கீழேயிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. நிதானமாக வந்தது.

"அது ரிப்பேர்ல இருக்கு மாமா."

ரிப்பேருக்குப் போய் அப்போது மூன்று வருடம்.

பதர்

கடைசி முறைத் தண்ணீர் கருப்பையா மச்சானுக்குப் போனது. எங்கள் வயலின் கீழ்ப்பாதி ஒரு வாரத்தில் வெளிறியது. கதிர்கள் தலை குனியாமல் விறைப்பாக நின்றன. என்னைப் போலவே.

களத்தில் தூற்றுகிற நாளன்று பாக்கியம் முறத்தை என் கையில் கொடுத்து, "தூத்துங்க," என்றாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நெல் என் காலடியில் விழுந்தது. பதர் பறந்து போய் மச்சான் களத்தில் இறங்கியது. முழுதும் நானே தூற்றினேன். அந்த வருடம் ஆவணிவரைக்கும் வீட்டில் குதிரைவாலிச் சோறு. அய்யா ஒவ்வொரு கவளத்துக்கும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு விழுங்குவார்.

அறுப்பு முடிந்து சில நாட்களில் கருப்பையா மச்சான் வீட்டுக்கு வந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடு என்றார். எதற்கு என்றேன்.

"நாளைப்பின்ன நீ மாத்திப் பேசுனா?"

கொடுத்தேன். கஞ்சிப் பசை தடவித் தன் வீட்டு நடைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். என் வாழ்நாளில் என் படம் ஒன்று ஒரு வீட்டுச் சுவரில் ஏறியது என்றால் அது ஒன்றுதான். விருந்தாளி யார் வந்தாலும் மச்சான் அவர்களை அதன் முன் நிறுத்தி, கொக்கு சாட்சி சொன்ன கதையைச் சொல்வார். நானும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அடிக்கடி அந்த வீட்டுக்குப் போவேன். கொக்கு நன்றாகத்தான் இருந்தது.

என் முறை

ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து வாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் டொக் டொக் என்று சத்தம். மாடு கட்டுகிற கல்லுக்குப் பக்கத்தில் பாக்கியம் குனிந்து, அரிவாள் முதுகால் ஒரு முளையை அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொன்று ஏற்கனவே நின்றது.

என்ன இது என்றேன்.

"ஒங்க முறை," என்றாள். "நெழலு இந்த மொளையில இருந்து அந்த மொளைக்குப் போற வரைக்கும் வரைங்க. ஒருத்தரும் கூப்பிட மாட்டோம். மாமாட்டயும் சொல்லிட்டேன். தொட்டதும் நோட்டை மூடிரணும். தண்ணி பாக்கப் போகையில அதை இடுப்புல வைக்கக் கூடாது. செம்பை எடுத்துக்கிட்டு ஊரு சிரிக்கப் போகவும் வேண்டாம்."

செம்பு விஷயமும் தெரிந்திருக்கிறது. சமாளிக்கலாம் என்று, முளை எதற்கு, மணி பார்த்துச் சொன்னால் போதாதா என்றேன். இதைவிட மடத்தனமான கேள்வியை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

"கடியாரந்தான் ரிப்பேர்ல இருக்கே," என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

அன்றிலிருந்து நான் நேரம் திருடவில்லை. உட்கார்ந்தேன், வரைந்தேன், நிழல் தொட்டதும் எழுந்தேன். அந்த நேரத்தில் அய்யாகூடத் தண்ணீர் வேண்டுமென்றால் தானே போய் மொண்டு குடித்தார், கொஞ்சம் சத்தமாகத்தான் மொள்ளுவார். வாசகிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முளை அடிக்க ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அரிவாளை எடுத்து நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் அந்த இரண்டு முளைக்கும் நடுவில் என் பாதம் இரண்டு வைக்கலாம். அடுத்த வருடம் பார்த்தால் மூன்று பாதம் வைக்க இடம் இருந்தது. அதற்கும் அடுத்த வருடம் நான்கு. நான் தொடவில்லை. முளை விஷயத்தில் விளையாடினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. பாக்கியத்திடம் கேட்டேன். கிடாய் முட்டித் தள்ளியிருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சரி என்றேன். ஆனால் நான் கண்ணில் பட்டதை மட்டும் போடுகிறவன். ஒருநாள் என் முறையில் அந்த இரண்டாவது முளையையே வரைந்தேன். துளிகூடச் சாயாமல், நேராக, தலையில் அரிவாள் முதுகு தட்டிய தழும்போடு நின்றது. கடைசியில் அதன் நிழலையும் போட்டேன். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி, அவள் கண்ணில் படட்டும் என்று நோட்டைத் திறந்தே வைத்துவிட்டு எழுந்தேன்:

'எங்கள் வீட்டுக் கிடாய்க்கு முளை அடிக்கத் தெரியும்.'